லாரி டயரும் மரத்துப் பாலும்

டயர் கம்பெனியில் வேலை என்றதும் எல்லோரும் என்னிடம் கேட்பது, "ரப்பர் மரத்துப் பாலில்தானே செய்கிறீர்கள்?" என்றுதான். பாதி சரி என்பேன். கார் டயரா, லாரி டயரா என்பதைப் பொறுத்து அந்தப் பாதி குறையும், கூடும். அதற்குப் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச்சில் ஜாவா. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றே போனது. மலாயாவின் பெரிய தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். தோட்டங்கள் முடங்கியதும் அவர்களில் பல்லாயிரம் பேரை சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். நான் படித்த டயர் தொழில்நுட்பப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

அமெரிக்க அரசு கம்பெனிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, ஜெர்மானியர்கள் உருவாக்கியிருந்த பூனா-எஸ் வகைச் செயற்கை ரப்பரைக் கையில் எடுத்தது. பியூட்டாடையீன் முக்கால் பங்கு, ஸ்டைரீன் கால் பங்கு. ஜி.ஆர்.எஸ். என்று பெயர். 1945ல் உற்பத்தி ஏழு லட்சம் டன்!

கார் டயருக்கு அது போதுமானதாக இருந்தது. லாரி டயரில்தான் வம்பு. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் டயர் அமுங்கி மீள்கிறது. அமுக்கிய சக்தியில் பெரும்பங்கை மரத்து ரப்பர் திருப்பித் தந்துவிடும். செயற்கை ரப்பர் அதில் அதிகம் பிடித்துவைத்துக்கொண்டு சூடாகும். மெல்லிய கார் டயரிலிருந்து சூடு வெளியேறிவிடும். கனத்த லாரி டயரில் உள்ளேயே தங்கி, அடுக்குகள் பிரிந்து, கடைசியில் வெடிக்கும். அதனால் கையிருப்பிலிருந்த கொஞ்சம் மரத்து ரப்பரைக் கனரக டயர்களுக்கே ஒதுக்கினார்கள்.

ஆனால் யுத்தம் முடிந்து தோட்டத்து ரப்பர் திரும்பி வந்தபோதும் செயற்கை போகவில்லை. கார் டயருக்கு வேண்டிய ஈரச்சாலைப் பிடிப்பும் தேயாத குணமும் அதில் நன்றாகவே இருந்தன. 1960களில் பாலிபியூட்டாடையீன் வந்தது. சூடு குறைவு, தேய்மானமும் குறைவு. ஆனால் தனியாகப் போட்டால் ஈரத்தில் வழுக்கும், எளிதில் கிழியும். அதனால் லாரி டயரின் தரைபடும் பகுதியில் மரத்து ரப்பரோடு கொஞ்சம் கலந்தார்கள்.

கலப்பதும் சும்மா இல்லை. கார்பன் கறுப்பு இரண்டிலும் சமமாகப் போகாது, செயற்கை ரப்பர் பக்கமே அதிகம் ஓடும். அதற்காக அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாக ஆட்டிக் கலப்பதுபோல, தனித்தனியே கறுப்பு ஏற்றிப் பிறகு சேர்ப்பதும் உண்டு. (என் மனைவிக்கு என் வேலை புரிந்தது இந்த உதாரணத்தால்தான்.)

நம் நாட்டில் 1963ல் உத்தரப் பிரதேசத்துப் பரேலியில் சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை செயற்கை ரப்பர் செய்ய ஆரம்பித்தது. எதிலிருந்து தெரியுமா? சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் காய்ச்சிய சாராயத்திலிருந்து! யுத்த கால அமெரிக்காவிலும் பியூட்டாடையீனில் பெரும் பகுதி சாராயத்திலிருந்துதான் வந்தது. பரேலி ஆலை பின்னர் மூடப்பட்டது. 2013ல் பானிப்பட்டில் பெட்ரோலியச் சரக்கை வைத்துப் புதிய ஆலை வந்தது.

இத்தனைக்கும் பிறகு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி மே மாத வெயிலில் ஓடும் நம் லாரிகளின் டயரில் இன்றும் மரத்து ரப்பர்தான் அதிகம். விமான டயரில் ஏறக்குறைய முழுவதும் அதுதான்.