செராம்பூர்த் தீயும் அமர்தல் என்னும் சொல்லும்

இந்திய மொழிகளின் அச்சு வரலாற்றில் 1812 மார்ச்சு 11ஆம் நாள் பேரிழப்பு நேர்ந்த நாளாகும். கல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள செராம்பூரில் பாப்திஸ்து மறைப்பணியாளர் நடத்திவந்த அச்சகம் அன்று மாலை தீப்பற்றியது. ஏறத்தாழ 200 அடி நீளமுள்ள கூடத்தில் பணிசெய்துகொண்டிருந்த வில்லியம் வார்டு புகையைக் கண்டு எழுந்தார். அவரும் யோசுவா மார்ஷ்மனும் கதவு, பலகணி அனைத்தையும் அடைக்கச் செய்து, கூரைவழி நீர் ஊற்றித் தீயைப் பெரிதும் அடக்கினர். எனினும் யாரோ ஒருவர் பலகணியொன்றைத் திறந்துவிட, காற்றுப் புகுந்து நெருப்பு மூண்டது. நள்ளிரவளவில் கூரை இடிந்து வீழ்ந்தது. உயிரிழப்பு ஏதுமில்லை.

அழிந்தவற்றுள் பல மொழிகளுக்கு வார்க்கப்பெற்ற அச்செழுத்துகளும் பெருந்தொகையான தாளும் அடங்கும். அவை பணத்தால் ஈடுசெய்யத்தக்கவை. வில்லியம் கேரியின் கையெழுத்துப் படிகளோ அத்தகையன அல்ல. கன்னடப் புதிய ஏற்பாடு, வடமொழியில் பெயர்த்த பழைய ஏற்பாட்டுப் பகுதிகள், வங்காள அகராதியின் பல பக்கங்கள், தெலுங்கு இலக்கணம், பஞ்சாபி இலக்கணத்தின் பெரும்பகுதி ஆகியவை எரிந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பல்லாண்டு தொகுத்துவந்த பன்மொழி அகராதி ஓர் ஏடும் எஞ்சாமல் சாம்பலாயிற்று. வடமொழிச் சொல்லை அடிப்படையாக நிறுத்தி, இந்திய மொழிகளில் அதற்கு நேரான சொற்களையும், கிரேக்க எபிரேய ஒப்புகளையும் தருவதே அவ்வகராதியின் திட்டம்.

கேரி அப்போது வில்லியம் கோட்டைக் கல்லூரிப் பணியின்பொருட்டுக் கல்கத்தாவில் இருந்தார். மறுநாட் காலை மார்ஷ்மன் நேரிற் சென்று செய்தி கூறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரி ஆற்றிய அருளுரைக்கு 46ஆம் திருப்பாடலின் 10ஆம் வசனம் பொருளாயிற்று. மனிதரைத் தம் விருப்பப்படி நடத்த இறைவனுக்கு உள்ள உரிமை, அதற்கு இசைந்து நிற்க வேண்டிய மனிதரின் கடமை என்னும் இரண்டையே அவர் விரித்துரைத்தார். மார்ச்சு 25ஆம் நாள் ஆண்ட்ரூ புல்லருக்கு எழுதிய மடலிலும் இழப்பின் கனத்தை அவர் மறைக்கவில்லை. ஒருமுறை நடந்த வழியை மறுமுறை நடப்பவர் எளிதாகவும் உறுதியாகவும் நடப்பது இயல்பாதலின் பணியும் திருத்தம் பெறக்கூடும் என்பதே அம்மடலின் போக்கு. இந்த அமைதி ஒரே நாளில் வாய்த்ததன்று. 1794இல் மகன் பீட்டரை இழந்ததும், அதன்பின் மனைவி டாரதி 1807இல் மறையும்வரை மனநோயில் உழன்றதும் அவர் ஏற்கெனவே கடந்துவந்த துயரங்கள்.

அவ்வசனத்தின் தொடக்கச் சொல் மொழிபெயர்ப்பாளர் நின்று நோக்கத்தக்கது. எபிரேய மூலத்திலுள்ள வினை தளர்தல், கையை நெகிழவிடுதல், செய்வதை விட்டொழிதல் எனப் பொருள்படும். பாடலின் சூழலோ போர்ச் சூழல். வில்லும் ஈட்டியும் முறிபடுவதைச் சொன்ன உடனே இவ்வேவல் வருகிறது. ஆதலின் இதனைத் துயருற்றோர்க்குக் கூறும் ஆறுதல் என்பதினும் போரிடுவோரை நோக்கிய ஆணை என்பது மூலத்துக்கு நெருக்கமானது. ஆங்கிலப் பெயர்ப்பு அசைவின்மையை முன்னிறுத்த, 1871இல் நிறைவுற்ற பவர் திருத்தத்தின்வழி வழங்கும் தமிழ் விவிலியம் 'அமர்ந்திருத்தல்' என்பதனை ஆள்கிறது. பெயராக நிற்கும்போது 'அமர்' போரைக் குறிப்பதும் வினையாகும்போது அடங்குதலைக் குறிப்பதும் தமிழுக்கே உரிய ஒரு விந்தை. இதனினும் நுட்பமானது, தொல்காப்பிய உரியியல் அமர்தலுக்கு விருப்பப் பொருள் கூறுவது. விரும்பி இசைதல் என்னும் அப்பழம்பொருளைத் திருத்தக் குழுவினர் எண்ணினர் எனக் கொள்ளச் சான்றில்லை. ஆயினும் கேரி தம் உரையின் இரண்டாம் பகுதியில் வற்புறுத்திய இசைவை, ஆங்கிலச் சொல்லினும் இத்தமிழ்ச் சொல் நன்கு தாங்குகிறது.

இசைவு என்பது செயலின்மையாகவும் முடியவில்லை. இடிபாட்டில் எழுத்து வடிவம் வெட்டிய எஃகு அச்சுகள் கெடாமற் கிடைத்தன. உருகிய ஈயத்தையும் வார்டு தோண்டி எடுத்தார். பஞ்சானன் கர்மகாரின் மருகர் மனோகரைப் போன்ற கைவினைஞர் வளர்த்த வார்ப்புக் கலை அங்கே வேரூன்றியிருந்ததால் சில வாரங்களிலேயே அச்சு மீண்டும் ஓடியது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 10,000 பவுண்டு இரு திங்களளவில் திரண்டது. புகழே இனி உங்களுக்குச் சோதனையாகும் எனப் புல்லர் எச்சரித்து எழுதும் அளவுக்கு இத்தீ செராம்பூரை அறியச் செய்தது. பஞ்சாபி இலக்கணம் அதே 1812இலும், தெலுங்கு இலக்கணம் 1814இலும், கன்னட இலக்கணம் 1817இலும் வெளிவந்தன. வங்காள அகராதி 1815 முதல் 1825 வரை பகுதிகளாக வந்தது. பப்ரீசியசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் அங்கேயே அச்சாயிற்று.

வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தே நின்று, இழந்தவை அனைத்தும் முன்னினும் சிறப்பாகத் திரும்பின என மகிழ்வர். அது முழு உண்மையன்று. பன்மொழி அகராதி திரும்பவில்லை; கேரி அதனை மீண்டும் தொடங்கவும் இல்லை. வடமொழியை ஐரோப்பிய மொழிகளோடு ஒப்பிட்ட பாப்பின் முதல் நூல் 1816இல்தான் வெளிவந்தது என்பதை நினைத்தால், 1812க்கு முன்பே திரட்டப்பட்டிருந்த ஒரு சொற்றொகுதியின் அழிவு எத்தகையது என்பது விளங்கும். மறுபுறம், தென்னிந்திய மொழிகளும் வடமொழியினின்று பிறந்தவை என்பதே கேரியின் கொள்கை. அதனை அவர் 1806ஆம் ஆண்டு வடமொழி இலக்கணத்தில் வெளிப்படையாகக் கூறியிருந்தார். 1816இல் காம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரையில் பிரான்சிசு எல்லிசு கேரியைப் பெயர் சுட்டியே இக்கொள்கையை மறுத்து, தமிழ், தெலுங்கு முதலியன தனிக்குடும்பம் என நிறுவினார். எரிந்த அகராதி அச்சேறியிருப்பின் எல்லிசின் மறுப்புக்குரிய முதல் நூலாக அதுவே அமைந்திருக்கலாம். அதன் அடித்தளம் வீழ்ந்தாலும், அது திரட்டியிருந்த அக்கால வழக்குச் சொற்கள் இன்றைய ஒப்பாய்வுக்குப் பயன்பட்டிருக்கும்.