மன்ஸூரின் வளைவும் இன்றைய ஒப்பந்தப்புள்ளியும்

பொதுப் பணத்தில் ஒரு பாலமோ வடிகாலோ கட்டப்படும்போது, அப்பணியை யாரிடம், என்ன விலைக்கு ஒப்படைப்பது என்னும் வினா, ஆட்சி என ஒன்று தோன்றிய காலம் முதல் இருந்து வருவதாகும். பகிரங்கமாக அறிவித்து, முத்திரையிட்ட உறைகளில் விலை கோரி, குறைந்த விலை கூறியவருக்குப் பணியை அளிப்பதே நேர்மையான வழி என இன்று கருதப்படுகிறது. நல்ல வழிதான், ஆனால் அது மட்டும் போதுமா என்பதை வரலாற்றின் ஒளியில் நாம் ஆராய வேண்டியுள்ளது.

பகிரங்கப் போட்டி நமக்குப் புதியதன்று. வறுமையுற்ற அன்ஸாரித் தோழர் ஒருவரின் விரிப்பையும் கிண்ணத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்கள் முன்னிலையில் ஏலமிட்டு, ஒரு திர்ஹத்திற்குக் கேட்கப்பட்டதை இரண்டு திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் காணப்படுகிறது. அதே வேளையில், வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடும் ‘நஜ்ஷ்’ என்னும் சூழ்ச்சியை அண்ணலார் தடுத்தார்கள். போட்டி அனுமதிக்கப்பட்டது, போலிப் போட்டி விலக்கப்பட்டது. இவ்விரண்டும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டிருப்பது சிந்தனைக்குரியது.

ஊர்ப் பணிகளின் பொறுப்பு குறித்தும் நம் சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளனர். ஓர் ஊரின் குடிநீர் வழி கெட்டாலோ, மதில் இடிந்தாலோ, பைத்துல்மாலிலிருந்து அதனைச் செப்பனிட ஆணையிடுவது முஹ்தஸிபின் கடமை என்றும், பைத்துல்மாலில் பணம் இல்லையெனில் வசதி படைத்த ஊர்மக்கள் அப்பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் இமாம் மாவர்தீ (மறைவு ஹி. 450 / கி.பி. 1058) தமது ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் விளக்குகிறார். எனினும், செலவு நியாயமானதா என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு விடையாக அமைகிறது பக்தாத் நகரம் எழுந்த வரலாறு.

ஹி. 145இல் (கி.பி. 762) கலீஃபா அபூ ஜஃபர் அல்மன்ஸூர் பக்தாதைக் கட்டத் தொடங்கினார். அது தொடர்பாக இமாம் தபரீ ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். கட்டுமானப் பொறுப்பாளரான முஸய்யப் என்பவரின் கீழ்ப் பணிபுரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து, செங்கல் வேலைக்கு என்ன கூலி என மன்ஸூர் வினவினார். முஸய்யபுக்கு அஞ்சி அவர் வாய் திறக்கவில்லை. உடனே அரண்மனையின் ஓர் அறையில் ஒரு வளைவைக் கட்டுமாறு பணித்த மன்ஸூர், அதற்கான செங்கல்லையும் சாந்தையும் கணக்கெடுக்கச் செய்தார். முஸய்யப் அவ்வேலைக்கு ஐந்து திர்ஹம் எனக் கணக்கிட, கலீஃபா அதில் ஒன்றைக் குறைத்தார். அவ்விகிதத்தைக் கொண்டு முழுக் கட்டடத்தின் கணக்கையும் சரிபார்த்தபோது, முஸய்யப் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட திர்ஹங்களைத் திருப்பிச் செலுத்த நேர்ந்தது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் செங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், அடுக்கை நாணற்கோலால் அளந்து கணக்கிட்டார்கள் என்ற செய்தியும் அங்கே இடம்பெறுகிறது.

மன்ஸூரை நீதியின் இலக்கணமாக நாம் முன்வைக்கவில்லை. காசு காசாகக் கணக்குப் பார்த்ததால் ‘அபுத் தவானீக்’ என்று ஏளனம் செய்யப்பட்டவர் அவர்; தமது கணக்கை எவரும் கேட்க அவர் இடந்தரவில்லை. ஆயினும் ஓர் உண்மையை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. விலை அறியாத ஆட்சியாளனுக்கு, அவன் முன் நீட்டப்படும் எந்தக் கணக்கும் சரியான கணக்கே.

இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டின் விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டுமென வகுத்தன. உள்ளாட்சி அமைப்புகளும் இதற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் விலை கோருவோர் நால்வரும் முன்கூட்டியே தமக்குள் பேசி வைத்துக்கொண்டால், குறைந்த விலை என்பது அவர்கள் விரும்பிய விலையே. இது நஜ்ஷின் உடன்பிறப்பு. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் இத்தகைய கூட்டுச் சூழ்ச்சியைக் கண்டிக்கிறது. எனவே பணியின் மதிப்பீடு உண்மையாகத் தயாரிக்கப்படுவதும், முடிந்த வேலை அளவுப் புத்தகத்தில் உள்ளபடியே பதியப்படுவதும், உறை திறக்கப்படும் நாளைவிட முக்கியமானவை.

அக்கொத்தனாருக்கு விலை தெரிந்திருந்தது, சொல்லத்தான் துணிவில்லை. ஒவ்வோர் ஊரிலும் அத்தகையோர் இன்றும் உள்ளனர். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுப் பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தப்பட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை வழங்கியுள்ளது. அன்று கலீஃபா ஒருவர் மட்டுமே கட்டிப் பார்க்க முடிந்த அந்த வளைவை, இன்று எந்தக் குடிமகனும் அளந்து பார்க்கலாம். பைத்துல்மால் ஓர் அமானிதம் என்பதை நம்புகின்ற நாம், அளவுகோலைக் கையில் எடுக்கத் தயங்கலாகாது.