செவலைக் கன்றும் சொட்டு நீலமும்

சித்திரை மாதம். காங்கேயம் பக்கத்தில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் கட்டிய நீல நிற தார்ப்பாய்க்குக் கீழே, பால்வெள்ளையாக ஒரு பசு. கொம்பும் திமிலும் அப்படியொரு அம்சம்! நீங்களும் தார்ப்பாய்க்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் நின்று ரசித்துவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து ஊரில் இருக்கும் மாமாவுக்கு அனுப்புகிறீர்கள். உடனே போன்: ‘‘ஏம் மாப்ள, மாடு என்ன நீலமாத் தெரியுது? பெயின்ட் கீது அடிச்சுப்போட்டாங்களா?’’

சிரிப்பாக இருக்கலாம். ஆனால், காங்கேயம் மாட்டில் நிறம் என்பது விளையாட்டு சமாசாரம் இல்லை. மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தை வைத்தே மாட்டுக்குப் பெயர். கன்று பிறக்கும்போது செக்கச்செவேல் என்று இருக்கும். ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையாக வளர வளர, திமிலும் தொடையும் கறுத்துக்கொண்டு வரும். போட்டோவைப் பார்த்து விலை பேசுகிற காலம் இது. நிறம் மாறினால் மாடே மாறிப்போச்சு!

சரி, உங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த மாடு, கேமராவுக்கு மட்டும் ஏன் நீலம்? பொய் சொன்னது கேமரா இல்லை சார்... உங்கள் கண்!

1789. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த அதே வருடம். பாரீஸ் விஞ்ஞானக் கழகத்தில் காஸ்பார் மோன்ஜ் என்ற கணித மேதை ஒரு வேடிக்கை காட்டினார். சிவப்புக் காகிதத்தை சிவப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள் என்றார். இன்னும் சிவப்பாகத் தெரியும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வெளுத்துத் தெரிந்தது! எல்லாமே சிவப்பாகிவிட்டால், ‘ஓஹோ, இங்கே வெளிச்சமே சிவப்பு போலிருக்கிறது’ என்று தீர்மானித்து, மூளை அதைக் கழித்துவிடுகிறது.

1902-ல் யோஹானஸ் ஃபான் க்ரீஸ் என்ற ஜெர்மானியர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். கண்ணில் நிறமறியும் உணர்வுகள் மூன்று வகை. எந்த நிறம் அளவுக்கு மீறி வருகிறதோ, அதன் வால்யூமைக் குறைத்து, மற்றதைக் கூட்டிக்கொள்கிறது கண். இன்று கேமராக்கள் செய்யும் ‘ஒயிட் பேலன்ஸ்’ அடிப்படையில் இதே கணக்குதான்!

ஃபிலிமுக்கு இந்த சாமர்த்தியம் கிடையாது. 1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தை கேவாகலரில் எடுத்து, தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப் படத்தைத் தந்தது. அந்தக் கால ஃபிலிம், வெயிலுக்கு என்று தயாரித்தால் வெயிலுக்கு மட்டும். பல்புக்கு என்றால் பல்புக்கு மட்டும். மாற்றிப் போட்டால் தொலைந்தது. பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள்... பல்பு வெளிச்சத்தில் மணப்பெண் ஆரஞ்சு, டியூப்லைட்டில் மாப்பிள்ளை பச்சை!

டிஜிட்டல் வந்தது. கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். சென்ஸாரின் மேல் குட்டிக் குட்டி நிறக் கட்டங்கள். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். இன்று பெரும்பாலான கேமராக்களில் இருப்பது அதுதான். மூன்று நிறமும் தனித்தனி எண்களாகக் கிடைத்துவிட்டால், கூட்டிக் கழிப்பது சுலபம்தானே?

ஆனால், எவ்வளவு கழிப்பது? பழைய, எளிய வழி ஒன்று உண்டு. படத்திலுள்ள நிறங்களை எல்லாம் கலக்கினால் சாம்பல் வரவேண்டும். வராவிட்டால் வெளிச்சத்தில்தான் கோளாறு! காங்கேயத்துச் செம்மண்ணில் நிற்கும் செவலைக் கன்றிடம் இந்தக் கணக்கு மண்ணைக் கவ்வும். ‘அடடா, சிவப்பு ஜாஸ்தி’ என்று கேமரா சிவப்பைக் கழித்து, கன்றைச் சாம்பலாக்கிவிடும். இயற்கை ஆறு மாதம் எடுத்துச் செய்வதை ஒரே நொடியில்! இன்றைய போன்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டாலும், இந்த மாதிரி இடங்களில் தடுமாறத்தான் செய்கின்றன.

வைத்தியம் என்ன? அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையையும் படம் எடுத்து, ‘இதுதான் நடுநிலை’ என்று காட்டிக் கொடுப்பது. ரா ஃபைலாக எடுத்தால், வீட்டுக்கு வந்துகூட நிதானமாகத் திருத்தலாம். வெள்ளை வேட்டியைக் காட்டினால் போதாதா என்பீர்கள். அங்கேதான் நம் பாட்டிகள் முந்திக்கொண்டார்கள்! வேட்டி மஞ்சளடித்தால், மஞ்சளுக்கு எதிர் நிறமான நீலத்தை இரண்டு சொட்டு விட்டு அலசுவார்களே... அதுவும் ஒயிட் பேலன்ஸ்தான். அந்த நீலத்தை நம்பி கேமரா நீலத்தைக் கழித்தால், படம் மஞ்சளடித்துவிடும்.

கடைசியாக, சிரிக்க முடியாத ஒரு விஷயம். 1950-களிலிருந்து கோடக் தன் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர். அதிலிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால், எல்லார் தோலும் சரி! கறுத்த முகங்கள் படத்தில் விவரம் இல்லாமல் அடங்கிப்போயின. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான், கோடக் அதைக் கவனித்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். பல நிறப் பெண்கள் இருக்கும் கார்டு வருவதற்கு 1990-கள் ஆயின.

ஷெர்லி போய்விட்டார். ஆனால், மாப்பிள்ளையின் கறுப்பைச் சுண்டி இழுத்து ரோஸாக்கும் பழக்கம் நம்மிடம் போய்விட்டதா? வெளிச்சத்தின் நிறத்தைக் கழிப்பது திருத்தம். மனுஷனின் நிறத்தைக் கழிப்பது திருட்டு.

அடுத்த தடவை கேமராவைத் தூக்கும்போது, செவலையைச் செவலையாகவே காட்டுங்கள். மயிலையாக மாற அதற்கு இன்னும் நாள் இருக்கிறது!