நிரல் வரலாற்று இடமாற்றம்

ஒரு பதிப்புக் கட்டுப்பாட்டு அமைப்பில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மாற்றங்களை, யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற விவரங்களோடு வேறோர் அமைப்புக்குக் கொண்டுபோவதே நிரல் வரலாற்று இடமாற்றம். சிவிஎஸ், சப்வெர்ஷன், பிட்கீப்பர், மெர்க்குரியல் எனப் பல இடங்களில் வளர்ந்த திட்டங்கள் இன்று பெரும்பாலும் கிட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன. க்னோம் திட்டம் 2006 இறுதியில் சிவிஎஸ்ஸை விட்டு சப்வெர்ஷனுக்கும், 2009 ஏப்ரலில் அதையும் விட்டு கிட்டுக்கும் மாறியது; அதன் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் இரண்டு முறையும் கூடவே போயின. இந்த இடமாற்றத்தைக் கோப்பு நகலெடுக்கும் வேலையாகவே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பழைய பதிவுகளைப் படித்து, பொருள்கொண்டு, புதிய வடிவில் எழுதும் பதிப்பாசிரியர் வேலை இது. பதிப்பாசிரியர் எடுத்த முடிவுகள் வெளியே தெரிந்தால்தான் அந்தப் பதிப்பை நம்ப முடியும்.

சிவிஎஸ்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி வரலாறு. ஒரு பிழையைத் திருத்த ஐந்து கோப்புகளைத் தொட்டால் ஐந்து பதிவுகள் விழும். அவை ஒரே வேலையைச் சேர்ந்தவை என்று எங்கும் எழுதியிருக்காது. கிட்டிலோ அவை ஒரே கமிட்டாக, அதாவது ஒரே மாற்றப் பதிவாக, நிற்க வேண்டும். எனவே மாற்றும் கருவி ஊகிக்கிறது. ஒரே ஆள், ஒரே குறிப்பு, அருகருகே நேரம் என்றால் ஒரே மாற்றம் என்று கொள்கிறது. சிவிஎஸ்பிஎஸ் என்ற கருவி இயல்பாக 300 நொடி இடைவெளி வரை பொறுக்கும். அதற்கு மேல் இடைவெளி விழுந்தால் ஒரு வேலை இரண்டாக உடையும். "சிறு திருத்தம்" என்று அடுத்தடுத்து எழுதப்பட்ட இரண்டு வேலைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளவும் கூடும். சப்வெர்ஷனில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே கிளையும் வெளியீட்டுக் குறியும் வெறும் அடைவுகள்தாம். வெளியீட்டுக்குப் பிறகு யாரோ அந்த அடைவுக்குள் கைவைத்திருந்தால், அதைக் குறியாகக் கொள்வதா கிளையாகக் கொள்வதா என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

தமிழ்த் திட்டங்களில் அதிகம் நோகும் இடம் பெயர்தான். சப்வெர்ஷன் ஒரு மாற்றத்துக்கு ஒரு பயனர்பெயரை மட்டுமே பதியும். அது மாற்றத்தைச் சேர்த்தவரின் பெயர். கிட் எழுதியவரையும் சேர்த்தவரையும் தனித்தனியே பதியும். தன்னார்வ மொழிபெயர்ப்பில், சொற்களைத் தேடி உழைத்தவருக்குப் பெரும்பாலும் சேர்க்கும் உரிமை இருக்காது. கோப்பை அனுப்பிவைப்பார், உரிமையுள்ள இன்னொருவர் ஏற்றுவார். கருவி கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், ஏற்றியவரே எழுதியவர் ஆகிவிடுகிறார். மொழிபெயர்த்தவர் பெயர் கோப்பின் தலைப்பகுதியில், கடைசி மொழிபெயர்ப்பாளருக்கான வரியில் கிடக்கும். அதையும் அப்படியே நம்ப முடியாது. முந்தையவர் பெயரை அழிக்காமல் விட்டவர்களும் உண்டு. ஆனாலும் இது ஆகாத காரியமல்ல. ஜிசிசி நிரல்பெயர்ப்பித் திட்டம் 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாறியபோது, மாற்றக் குறிப்பேட்டுக் கோப்புகளைப் படித்தே எழுதியவர் பெயர்களை மீட்டது.

குறியேற்றம் இன்னொரு கண்ணி. ஒருங்குறி நிலைபெறும் முன் தமிழ் டிஸ்கி, டாப், டாம் என்று பிரிந்து கிடந்தது. டிஸ்கியில் "கொ" என்பது பார்வை வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. ஒருங்குறியில் ககரமும் அதைத் தொடரும் ஒகரக் குறியும் மட்டுமே. கமிட் குறிப்பு டிஸ்கியில் இருந்து, கருவி அதை ஐரோப்பிய எழுத்தாக எண்ணிவிட்டால், வாசிக்கவே முடியாத கிறுக்கல்தான் மிஞ்சும். குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவது சரி. கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடக்கூடாது என்பதே என் துணிபு. அந்தக் காலத்து நிரல் அந்தக் குறியேற்றத்தை எதிர்பார்த்து எழுதப்பட்டது.

இத்தனை பாடு எதற்கு, இன்றைய நிலையை மட்டும் எடுத்துவைத்துத் தொடங்கினால் போதாதா என்று கேட்பார்கள். லினக்ஸ் கருநிரல் 2005 ஏப்ரலில் 2.6.12-ஆர்சி2 நிலையிலிருந்து அப்படித்தான் கிட்டில் தொடங்கியது. மொசில்லாவும் 2007இல் சிவிஎஸ் வரலாற்றை விட்டுவிட்டே மெர்க்குரியலுக்குப் போனது. ஆனால் லினக்ஸின் பழைய வரலாற்றைப் பின்னர் வேறு சிலர் தனிக் களஞ்சியமாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. மொசில்லாவில் பழைய வரி ஒன்றின் காரணம் தேடியவர்கள் சிவிஎஸ்ஸுக்கே திரும்பிப் போனார்கள். தவறான வரலாற்றைவிட வெற்றுத் தொடக்கம் மேல் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொரு வாதம், பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது. கிட்டில் அது எளிதல்ல. ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் அதன் முன்னோரின் அடையாளத்தையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு பெயரைத் திருத்தினால் அதற்குப் பின் வந்த கமிட்டுகளின் அடையாளங்கள் எல்லாம் மாறும். பிழைப்பதிவுகளில் கொடுத்த இணைப்புகளும் பிறர் வைத்திருக்கும் நகல்களும் பொருந்தாமல் போகும். ஆகவே புதிய களஞ்சியத்தைத் திறப்பதற்கு முன்பே ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஜிசிசி ஒவ்வொரு பழைய கமிட்டின் குறிப்பிலும் அதன் சப்வெர்ஷன் எண்ணை எழுதிவைத்ததால், எதையும் மூலத்தோடு வைத்துச் சரிபார்க்கலாம். இதே கவனத்தைக் கல்வெட்டிலும் காணலாம். திருமழபாடிக் கோயிலின் கருவறையைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான்; இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் பொறிக்கப்பட்டபோது இந்தச் செய்தியும் சேர்ந்தே பொறிக்கப்பட்டது.

எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. கேடிஈ திட்டம் தன் நிரல்களைக் கிட்டுக்குக் கொண்டுபோன பின்னும் மொழிபெயர்ப்புகளைச் சப்வெர்ஷனிலேயே வைத்திருக்கிறது. தமிழ்க் கோப்புகளும் அங்கேதான். அங்கு தமிழ் அடைவை மட்டும் இறக்கிக்கொள்ள முடியும். கோப்பைத் திருத்தி ஏற்றுவதைத் தவிர வேறு தேவையில்லாத மொழிபெயர்ப்பாளருக்கு அதுவே போதுமானது.