இலக்கம் யாருக்குச் சொந்தம்?

தொலைபேசி தோன்றிய காலத்தில் அதற்கு இலக்கமே இருக்கவில்லை. 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரருடன் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டபோது பெயரைச் சொன்னாலே போதும், நிலையத்திலிருந்தவர் இணைத்துவிடுவார். இலக்கங்கள் பின்னரே வந்தன. 1892இல் அந்நாட்டின் லாபோர்ட் நகரில் அல்மன் ஸ்ட்ரோஜரின் தானியங்கி நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அவரோ பிரேத அடக்கத் தொழில் நடத்தியவர்! அவருடைய பொறியில், அழைப்பவர் அனுப்பும் மின் துடிப்புகள் ஓர் உலோகக் கரத்தைப் படிப்படியாக நகர்த்திக் குறித்த கம்பியிற் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே இலக்கமென்பது ஆளின் பெயரன்று, கம்பியின் முகவரியே.

ஊருக்கு ஒரே கம்பனி இருந்தவரை இதனால் இடரில்லை. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர்ச் சேவையைப் போட்டிக்குத் திறந்துவிட்ட வேளையில் இச்சிக்கலையும் தீர்க்க வேண்டியதாயிற்று. கடைப்பலகையிலே பல்லாண்டாக எழுதியிருக்கும் இலக்கத்தை இழப்பதாயின், கட்டணம் குறைகிறதென்று எந்த வணிகர் கம்பனியை மாற்றுவார்? எனவே, இருந்த இடத்திலிருந்தபடியே கம்பனி மாறுவோர் பழைய இலக்கத்தை உடன்கொண்டு செல்ல அச்சட்டம் வழிசெய்தது. அதன்படி அமைந்த முறையில், அழைப்புச் செல்லுமுன் பொதுவான தரவுத்தளம் ஒன்று வினவப்படுகிறது. அவ்விலக்கம் இப்போது எந்த நிலையத்தைச் சார்ந்தது என்பதை அது கூற, அழைப்பு அங்கே திரும்புகிறது. 2007இல் அகன்ற அலைவரிசை இணையத்தினூடாகப் பேசும் தொலைபேசிகளுக்கும் இவ்வுரிமை விரிந்தது. ஆயினும் பழைய இணைப்பை அவசரப்பட்டு முதலிலேயே துண்டித்தவர் இலக்கத்தையும் இழக்க நேரிடலாம். அதனைக் கேட்டுப்பெறுவது புதிய கம்பனியின் பணி.