ஷெரீப்புக்கு முந்தின காவல்காரர்

கௌபாய் கதைக்குக் குதிரைகூட அவசியமில்லை. சட்டம் எட்டாத ஊர் போதும். ‘தி வயர்’ (2002–2008) தொடரில் பால்டிமோர் தெருக்களில் நீளக்கோட்டும் துப்பாக்கியுமாக நடக்கும் ஓமர் அப்படித்தான் கௌபாய் ஆகிறான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் பொட்டல், உடைமரம், வறண்ட குண்டாறு... செட் ரெடி! கதைதான் பொருந்தாது. இங்கே போலீசுக்கு முன்பே காவல் இருந்தது. ஊர் காவல்கூலி கொடுக்கும். மாடு களவுபோனால் காவல்காரர் மீட்கணும், இல்லையென்றால் ஈடுகட்டணும். வெள்ளைக்கார அதிகாரிகள் இதை மிரட்டிப் பறிப்பதென்று எழுதினார்கள். (பொய்யென்றும் தள்ள முடியாது.) 1859 போலீஸ் சட்டத்துக்குப் பிறகும் காவல் ஓயவில்லை.

அடுத்து 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம். ஜனங்கள் வாயில் கைரேகைச் சட்டம். காவல் பார்த்த மறவர்களில் ஒரு பிரிவினரும் பிற்பாடு அதில் சிக்கினார்கள். பதிவேட்டில் பெயர் ஏறினால் போலீசில் ஆஜராகணும். 1947-இல்தான் அது ரத்தானது.