தோம்பும் தொலைபேசி இலக்கமும்

மக்களின் பெயரையும் குடியையும் ஏட்டிலே பதிந்து வைக்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. பறங்கியர் தொடங்கி வைத்து, 1658 இல் யாழ்ப்பாணப் பட்டினத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரிவாக்கிய தோம்பு என்னும் பதிவேட்டைப் பற்றி நேயர்களுள் முதியோர் கேள்வியுற்றிருப்பர். காணித் தோம்பு வரிக்காக எழுதப்பட்டது. அதனோடு பாடசாலைத் தோம்பு என மற்றொன்றும் இருந்தது. கோவிற்பற்று ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம் பெற்றோர், மணம் முடித்தோர், பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆகியோரின் விபரங்கள் அதிலே பதியப்பட்டன. தெல்லிப்பழையும் அத்தகைய கோவிற்பற்றுகளுள் ஒன்று. பல்டேயஸ் பாதிரியார் 1672 இல் வெளியிட்ட நூலிலே இவ்வூர்த் தேவாலயத்தின் சித்திரமும் இடம்பெற்றுள்ளது.

இத்தோம்பு சமயத்தின் பெயரால் எழுதப்பட்டது. ஆயினும் அதன் பயன் சமயத்தோடு நின்றுவிடவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர் மீது தண்டம் விதிக்க அதுவே ஆதாரமாயிற்று. மணத்தையும் முதுசத்தையும் வழக்குமன்றில் நிறுவுவதற்கும் அதுவே சான்றாயிற்று. தோம்பில் பெயரில்லாதவன் உரிமையற்றவன் என்னும் நிலை வரவே, வீட்டிலே சிவபூசை செய்தவர்களும் தேவாலயத்தில் பெயர் கொடுத்தனர். ஒரு காரியத்துக்கென வாங்கிய பெயர் வேறொரு காரியத்துக்குப் பயன்பட்ட கதை இது.

அக்கதை எப்பொழுதும் தண்டத்தோடு முடிவதில்லை. ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலே, அமைதிக் காலத்தில் நகரசபைகள் நல்லெண்ணத்தோடு எழுதிவைத்த குடிசனப் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் சமயமும் குறிக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப்போரில் அந்நாட்டைப் பிடித்த நாற்சிகளுக்கு யூதரைத் தேடிப் பிடிக்க அவ்வேடுகள் உதவின. 1943 மார்ச் 27 ஆந் திகதி இரவு அம்ஸ்ரர்டாம் நகரப் பதிவகத்துக்குச் சிலர் தீயிட்டனர். அட்டைகளில் ஒரு பகுதியே எரிந்தது. அச்செயலுக்காகப் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அத்துணை தூரம் போவானேன்? 1983 யூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளை இனங்காண வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தமை வரலாற்றாசிரியர் பலராலும் எழுதப்பட்டுள்ளது. வாக்களிப்பதற்கென்று கொடுத்த பெயரும் விலாசமும் அவை.

இந்த அச்சத்திலிருந்தே தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பிறந்தன. உலகில் முதலாவது சட்டம் 1970 இல் ஜேர்மனியின் ஹெசன் மாநிலத்தில் இயற்றப்பட்டது. இலங்கையில் அது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாக வந்தது. எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு முரணாக அதனைக் கையாளலாகாது என்பது அதன் அடிநாதம். இது அரச அலுவலகங்களை மாத்திரமன்றி வியாபாரிகளையும் கட்டுப்படுத்தும்.

இன்றைய தோம்புகளை எழுதுவோரிற் பெரும்பாலோர் வியாபாரிகளே. புடவைக் கடையில் சிட்டை எழுதும்போது தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள்; நகை அடகு வைப்பவரின் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கிறார்கள். நாமும் யோசியாமல் கொடுத்துவிடுகிறோம். பின்னர், நாம் கால் வைத்தறியாத நிறுவனங்களிலிருந்தும் குறுஞ்செய்திகள் வருகின்றன. எமது பாடசாலை இடாப்பிலுள்ள பெற்றோரின் இலக்கங்களைத் தரும்படி ஒரு தனியார் கல்வி நிலையத்தார் வந்து கேட்டதுண்டு. மறுத்தபோது, இதிலென்ன பிழை என்று அவர்கள் வியந்தார்களேயன்றி வெட்கப்படவில்லை.

சட்டம் இதற்கு நேரிய விடை கூறுகிறது. அஞ்சல், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகிய எவ்வழியாயினும் விளம்பரச் செய்தி அனுப்புவதாயின், பெறுபவரின் சம்மதம் முன்னரே பெற்றிருத்தல் வேண்டும். இலக்கத்தை வாங்கும்போதும், பின்னர் ஒவ்வொரு செய்தியை அனுப்பும்போதும், செலவின்றி விலகிக்கொள்ளும் வழியையும் தெரிவித்தல் வேண்டும். நோய் பற்றிய விபரங்களுக்கு மேலும் கடுமையான காவல் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சைக்கெனப் பல மாவட்டத்தார் வந்து செல்லும் தெல்லிப்பழையில் அக்காவலின் அருமையை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சட்டத்தை மீறியும் பணிப்புக்கு அமையாத நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். கலியாணத்துக்கு அழைப்பதற்காக வீட்டிலே எழுதி வைக்கும் பெயர்ப்பட்டியலை இச்சட்டம் தீண்டாது. வீட்டுத் தேவைகளுக்கு விலக்குண்டு.

இவ்வூரிலிருந்து கனடா சென்று கடை வைத்திருப்போருக்கு இவை யாவும் பழகிய செய்தி. அந்நாட்டின் வேண்டாத மின்செய்தித் தடைச் சட்டம் 2014 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒருவர் பொருள் வாங்கிய நாளிலிருந்து ஈராண்டு வரைக்கும் அவரது சம்மதத்தை ஊகித்துக்கொள்ளலாம். அதன் பின்னர் வெளிப்படையாகக் கேட்டே பெறவேண்டும். வேண்டாம் என்றவரின் பெயரைப் பத்து வேலை நாள்களுக்குள் நீக்கவேண்டும். தவறும் நிறுவனத்துக்குத் தண்டம் ஒரு கோடி டொலர் வரை செல்லலாம்.

இலங்கையிலோ சட்டம் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகிறது. அதனை நிறைவேற்றும் அதிகாரசபை தொடர்பான பகுதி 2023 இல் உயிர்பெற்றது. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் 2025 மார்ச் மாதத்தில் தொடங்குவதாயிருந்து பிற்போடப்பட்டன; அவ்வாண்டிலேயே சட்டமும் திருத்தப்பட்டது. ஆயத்தத்துக்குக் காலம் போதாது என்பது சொல்லப்பட்ட காரணம். ஆயின் சம்மதம் கேட்பதற்கு ஒரு சிட்டைப் புத்தகத்தில் ஒரு வரி மேலதிகமாக அச்சிட்டாற் போதும். வாடிக்கையாளரின் இலக்கத்துக்கு எதிரே ஆம், இல்லை என்று குறிக்கும் ஒரு கட்டம், அவர் கையொப்பமிட ஓர் இடம்: அதனைச் செய்வதற்கு எந்தக் கடைக்காரரும் கொழும்பிலிருந்து வர்த்தமானி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.